தம்பியின் காலுக்குப் பொருந்திய சப்பாத்து

இத்தாலியிலிருந்து சித்தப்பா அனுப்பிய சப்பாத்து எனக்காகத்தான் வந்தது. இதை இன்றைக்கும் அழுத்திச் சொல்வேன். கேட்டவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கிருந்து ஃபோன் எடுத்தபோது, அம்மா பேசி முடித்ததும் ரிசீவரை வாங்கிக்கொண்டு, "சித்தப்பா, அங்க ரேஸ் ஓடுறவங்க ஒரு சப்பாத்து போடுவாங்களே, பெடல்லயே மாட்டிக்கிற மாதிரி. பழசா இருந்தாலும் பரவாயில்ல, பெடலும் சேத்து ஒரு சோடி பாருங்க" என்றேன்.

சித்தப்பா வேலை செய்த ஹோட்டலின் முதலாளி ஒரு காலத்தில் சைக்கிள் பந்தயங்களில் ஓடியவர். ஹோட்டல் சுவர் முழுக்க அவர் படங்கள்தான் என்று சித்தப்பா முன்பே சொல்லியிருந்தார். "கேட்டுப் பாக்குறேன்டா" என்றார். கால் அளவை அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

சில மாதங்கள் கழித்து, லீவில் வந்த ஒருவர் கையில் பார்சல் வந்து சேர்ந்தது. அம்மா, தம்பி, நான் மூவரும் முன்னறையில் உட்கார்ந்து பிரித்தோம். பெடல்கள் இரண்டும் புரியாத மொழிப் பத்திரிகையில் சுற்றியிருந்தன. நாங்கள் பழகிய பெடலைப் போல முன்பக்கம் கம்பிக்கூடோ தோல் பட்டியோ இல்லை. கைக்கு அடக்கமாக, ஒரு பக்கம் வாயைத் திறந்த மாதிரி இருந்தன. சப்பாத்து வெள்ளை நிறம், பக்கவாட்டில் சிவப்புக் கோடு. அடிப்பாகம் பலகை மாதிரி விறைப்பு. அதில் மூன்று திருகாணிகளால் முடுக்கிய ஒரு கறுப்பு முக்கோணத் துண்டு. அதற்குக் கிளீட் என்று பெயர். அதைப் பெடலின் வாய்க்குள் வைத்து மிதித்தால் பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். மாத்தளைக் கடைகளில் அப்படி ஒன்றை அதுவரை யாரும் விற்றதில்லை. பத்திரிகைப் படங்களில் பார்த்துத்தான் எனக்கு அது தெரியும்.

நான் கதிரையில் உட்கார்ந்து வலது காலை நுழைத்தேன். பாதி வரை போனது. விரல்களை மடக்கி, சப்பாத்தின் நாக்கைப் பின்னால் இழுத்து, குதிகாலைத் தரையில் இடித்துப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. அம்மா தேங்காயெண்ணெய் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். ஒருவழியாகக் கால் உள்ளே போனபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் ஒருக்கா போட்டுப் பாக்கட்டுமாண்ணே?" என்றான் தம்பி.

அவன் காலில் அது வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. எழுந்து நின்றான். அடியில் இருந்த துண்டு சீமெந்துத் தரையில் டக், டக் என்று சத்தம் போட, வாத்து மாதிரி முன்னறையில் நடந்து காட்டினான்.

"அட, அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே!" என்றாள் அம்மா.

"எனக்குத்தானேம்மா அனுப்பினாரு."

"ஒனக்குத்தான். காலு போகலையே, என்னா செய்ய? அவன் போட்டுக்கட்டும். யாரு போட்டா என்னா, வீட்டுலதானே இருக்கு."

தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றி என் பக்கத்தில் வைத்தான். "ஒனக்கு வேணும்னா வச்சுக்கண்ணே" என்றான். பொருந்தாத சப்பாத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? "நீயே போட்டுக்க" என்று நானே சொல்லவேண்டி வந்தது. அவன் பிடுங்கிக்கொண்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எனக்கும் அவனுக்கும் மூன்று வயது வித்தியாசம். அப்பா தவறிய பிறகு நான் யட்டவத்தையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அவன் மாத்தளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தான். ஃபோன் எடுக்க வருகிறவர்களுக்கு நம்பர் சுழற்றிக் கொடுப்பது, ஃபோட்டோகொப்பி அடிப்பது. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ரேஸ் சைக்கிள். கண்டியில் ஒருவரிடம் பழையதாக வாங்கி, நீல வர்ணம் அடித்து வைத்திருந்தோம். ஒரு ஞாயிறு நான், அடுத்த ஞாயிறு அவன் என்று முறை வைத்து ஓடினோம். மற்றவனுக்கு வீட்டிலிருந்த கறுப்புச் சைக்கிள், கந்தோருக்குப் போகிறது, கரியர் வைத்தது.

வேகக்காரன் நான்தான். புதுவருஷ ரேஸில் இரண்டு தடவை முதலாவது வந்திருந்தேன். பரிசாகக் கிடைத்த ஃபேன் அம்மாவின் அறையில் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி ஓடினால் நாலாவது, அஞ்சாவது வருவான். சந்தையில் சாமான் வாங்கப் போனால் வெற்றிலைக்காரர், "இவருதான் ரேஸ் அண்ணன், அது அவரு தம்பி" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வார். அதைக் கேட்கவே நான் சில நாள் தேவையில்லாமல் வெற்றிலைக் கடைப் பக்கம் போனதுண்டு.

புதுப் பெடலைச் சைக்கிள் திருத்துகிற பாஸ்தான் பூட்டிக் கொடுத்தார். தம்பி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஏறி, பூட்டவும் கழற்றவும் பழகினான். முதல் நாள் பிரதான வீதிக்கு எடுத்துப்போனபோது நான் கறுப்புச் சைக்கிளில் பின்னால் போனேன். முத்துமாரியம்மன் கோயிலுக்கு முன்னால் ஒரு வான் குறுக்கே வந்து நின்றது. தம்பி பிரேக் பிடித்தான், சைக்கிள் நின்றது, கால் வரவில்லை. அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து, பூமாலைக் கடைக்கு முன்னால் சைக்கிளோடு சேர்ந்து விழுந்தான். இரண்டு காலும் பெடலிலேயே இருந்தன. கோயிலுக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. ஆனால் அது கொஞ்ச நேரம்தான் நீடித்தது. கீழே கிடந்தபடியே அவனும் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். பூக்கடைக்காரர் ஓடிவந்து தூக்கினார். ஒரு பெண் அவன் முழங்கையில் இரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையைக் கொடுத்தாள். விழுந்ததிலும் அவனுக்கு ஏதோ ஒன்று கிடைத்தது.

அதற்குப் பிறகு அவன் விழவே இல்லை.

என் முறை வந்த ஞாயிறு பெடலை மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பெடலைச் சாதாரணச் சப்பாத்தால் மிதித்தால் கால் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்பானரை எடுத்துக்கொண்டு குந்தினேன். வலது பக்கம் வந்துவிட்டது. இடது பக்கப் பெடலின் மரை எதிர்ப்புறம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆத்திரத்தில் தப்பான பக்கம் திருப்பி இன்னும் இறுக்கிவிட்டேன். பாஸிடம் கொண்டுபோய்த்தான் கழற்ற முடிந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இப்படி வாராவாரம் கழட்டிப் பூட்டுனா மரை தேஞ்சு போகும். யாராவது ஒருத்தர் வச்சுக்கங்க" என்றார்.

யாராவது ஒருத்தர். அது யார் என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. ஒரு ஞாயிறு மழை, என் முறை போனது. அடுத்தது கந்தோரில் வேலை. அதற்கடுத்தது பெடலைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. நீலச் சைக்கிள் தம்பியின் சைக்கிளாகிவிட்டது. அவன் விடியற்காலையில் கிளம்பும்போது வாசலில் ஒரு டக், இரண்டு உருளலுக்குப் பிறகு இன்னொரு டக். பாயில் படுத்தபடி அந்த இரண்டு சத்தத்துக்காகவும் காத்திருப்பேன். கேட்ட பிறகு தூக்கம் வராது.

அவன் வேகம் கூடியது. சமாதானப் பேச்சு வார்த்தையெல்லாம் முறிந்து, யுத்தம் திரும்பவும் தொடங்கி, வீதியில் மறுபடியும் செக் பொயின்ட்கள் முளைத்த காலம் அது. அதையும் மீறி ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் ரத்தோட்டைப் பக்கம் ஓடுவார்கள். நான் கறுப்புச் சைக்கிளில் கொஞ்சத் தூரம் கூடப் போவேன். மேட்டில் அவன் கால் சுற்றுவதைப் பின்னாலிருந்து பார்ப்பேன். மற்றவர்கள் மிதிக்க மட்டும்தான் முடியும். அவன் மிதிக்கிற காலோடு சேர்த்து மற்றக் காலால் மேலேயும் இழுத்தான். ஒரு கால் கீழே போகும்போது மற்றது சும்மா வரவில்லை. அந்த வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரிந்தது. கூட ஓடிய பையன்களில் ஒருவன் புதியவன். என்னைப் பார்த்து, "நீங்க அவரோட அண்ணனா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "நீங்களும் ஓடுவீங்களா?" என்றான்.

ஒரு சனிக்கிழமை தம்பி கடைக்குப் போன பிறகு, அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், அந்தச் சப்பாத்தை எடுத்தேன். எனக்கு அனுப்பியதுதானே என்று சொல்லிக்கொண்டேன். காலுறை இல்லாமல், பவுடர் போட்டு, விரல்களை மடக்கி நுழைத்தேன். வலித்தது. சுவரைப் பிடித்து ஏறினேன். டக். அந்தச் சத்தம் என் காலிலிருந்து வந்ததும் ஒரு மாதிரியாகிவிட்டது.

ரத்தோட்டை வீதியில் முதல் மேட்டிலேயே புரிந்தது. சைக்கிள் எனக்குக் கீழே இருக்கிற சாமானாகவே தெரியவில்லை. என் முழங்காலுக்குக் கீழே அதுவும் எலும்பு மாதிரி இருந்தது. இழுத்தால் வந்தது. எழுந்து நின்று மிதித்தால் பக்கவாட்டில் ஆடாமல் முன்னே பாய்ந்தது. இத்தனை நாள் அவன் இதைத்தான் அனுபவித்துக்கொண்டிருந்தானா என்று நினைத்ததும் பொறாமை இரண்டு மடங்கானது. முன்பு தெரியாத ஒன்றைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது ருசி தெரிந்துவிட்டது.

பாலத்துக்குப் பக்கத்து செக் பொயின்டில் ஒரு இளம் சிப்பாய் கையைக் காட்டினான். நிறுத்தினேன். அதற்குள் என் விரல்கள் மரத்துப் போயிருந்தன. பழைய பெடலில் பட்டியிலிருந்து காலை எடுக்கப் பின்னால் இழுக்க வேண்டும். இத்தனை வருஷப் பழக்கம், பின்னால்தான் இழுத்தேன். குதிகாலைத் திருப்ப வேண்டும் என்று ஞாபகம் வந்தபோது மணல் மூட்டைகளுக்கு முன்னால் சாய்ந்துகொண்டிருந்தேன்.

என்னவோ ஏதோ என்று மூன்று பேர் துவக்கோடு ஓடிவந்தார்கள். சிங்களத்தில் கையைத் தூக்கு என்று கத்தினார்கள். கையைத் தூக்கினேன். எழுந்திரு என்றார்கள். எழுந்திருக்க முடியவில்லை, கால் இரண்டும் சைக்கிளில் மாட்டிக்கிடந்தன. நான் காலை உதற உதற அவர்களுக்குச் சந்தேகம் கூடியது. ஒருவழியாக விடுபட்டு நின்றபோது ஐடி கேட்டார்கள். ஐடி கந்தோர்க் காற்சட்டைப் பையில், வீட்டில் இருந்தது. சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்குப் பார்த்து வாயில் வந்ததெல்லாம் தமிழ்.

சார்ஜன்ட் வந்தார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். அடியில் இருந்த துண்டைத் தட்டிப் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டினார். "மே மொனவத?" என்றார், இது என்ன என்று. பெடலில் பூட்டுவதற்கு என்றேன். "எதுக்குக் காலை சைக்கிள்ல பூட்டணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேகமாகப் போவதற்கு என்று சொன்னேன். யாரிடமிருந்து வேகமாக என்று அவர் கேட்ட பிறகுதான் எவ்வளவு மோசமான பதில் சொல்லியிருக்கிறேன் என்று விளங்கியது.

வெறுங்காலோடு ஒரு மரப்பெட்டியில் உட்கார வைத்தார்கள். அந்த நாட்களில் இப்படி உட்கார வைத்தவர்களில் சிலரைப் பிறகு பூஸா தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனதாகப் பேச்சு உண்டு. யாருக்காவது சொல்ல வேண்டுமா என்று சார்ஜன்ட் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே நம்பர் தம்பியின் கடை நம்பர். சிப்பாய் தன் ஃபோனிலேயே அழுத்திக் கொடுத்தான்.

தம்பி த்ரீவீலரில் வந்து இறங்கினான். வீட்டுக்குப் போய் என் ஐடியை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். முதலில் என்னைப் பார்த்தான், பிறகு என் காலை, பிறகு தரையில் கிடந்த அவன் சப்பாத்தை. சார்ஜன்ட் பக்கம் திரும்பி, கடைக்கு வருகிற வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில் சிங்களத்தில் பேசினான். இது ரேஸ் சப்பாத்து, சித்தப்பா அனுப்பியது, இவர் என் அண்ணன், அரசாங்கக் கந்தோரில் வேலை, ரேஸில் இரண்டு தடவை முதலாவது வந்தவர். "வேணும்னா ஓடிக் காட்டவா?" என்றான்.

சார்ஜன்ட் ஐடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுச் சப்பாத்தைப் போட்டான். டக். டக். பாலத்தடி வரை போய், திரும்பி, கையை விட்டு, மணல் மூட்டைக்கு முன்னால் சைக்கிளை அசையாமல் நிறுத்தி, விழப்போகிற கடைசி நேரத்தில் குதிகாலைத் திருப்பி ஒரு காலைத் தரையில் வைத்தான். என்னை நிறுத்திய சிப்பாய் கைதட்டிவிட்டான். அவனும் தன் ஊரில் புதுவருஷ ரேஸ் ஓடியவனாம். "ஆயெத், ஆயெத்" என்றார்கள், மறுபடியும் மறுபடியும் என்று. தம்பி மறுபடியும் ஓடினான். துவக்குகளை மூட்டையில் சாய்த்துவிட்டு எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

நான் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். என் உயிரை மீட்க வந்தவன் என் கண்முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறான். அப்போதும் என் மனதில் இருந்தது ஒன்றுதான்: எவ்வளவு அழகாக ஓடுகிறான் இவன்.

எங்களைப் போகச் சொன்ன பிறகு, பாலத்தைத் தாண்டியதும் நிறுத்தி, "காலக் காட்டுண்ணே" என்றான். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. "ஐயோ, ரொம்ப வலிக்குதா?"

"இல்ல."

"ஏன்ணே சொல்லாம எடுத்த? கேட்டிருந்தா முன்பக்கத்த வெட்டியாவது குடுத்திருப்பேனே." அவன் அதை மெய்யாகவே சொன்னான். கையோடு கொண்டுவந்திருந்த தன் செருப்பை என் பக்கம் தள்ளி வைத்தான். "நீ பஸ்ல வா, நான் சைக்கிள கொண்டு போறேன்."

அவன் போய்விட்டான். நான் அவன் செருப்பில் குதிகால் வெளியே தொங்க பஸ்ஸுக்கு நின்றேன். வீட்டில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். என்னைத் தடவிப் பார்த்துவிட்டு, "அவன் மட்டும் இல்லாட்டி ஒன்னய யாருடா கூட்டிட்டு வந்திருப்பா?" என்றாள். அன்று முழுக்க அதையே வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் புதுவருஷ ரேஸில் கந்தோர் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய சைக்கிளில், பட்டி வைத்த பெடலோடு ஓடினேன். கடைசி மேடு வரை தம்பியின் சக்கரத்தை விடவில்லை. மேட்டின் பாதியில் அவன் எழுந்து நின்றான். பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சப்பாத்தின் அடிப்பாகம்தான், தூரத்தில் சின்னதாக மேலும் கீழும். அவன் முதலாவது. நான் இரண்டாவது. பரிசு ரைஸ் குக்கர். அம்மா அதில்தான் பிறகு தினமும் சோறு ஆக்கினாள். இரண்டாவது பரிசுக்குக் கிடைத்த கோப்பை செட் பெட்டி பிரிக்காமல் அலமாரிக்கு மேலே போனது.

கந்தோரில் கேட்டவர்களிடமெல்லாம், "அந்தப் பெடல் இருந்தா யாரும் வரலாம்" என்றேன். பியோனிடம், தபால்காரரிடம், டீக்கடையில். நான் அதை முழுமையாக நம்பினேன். அந்த நம்பிக்கை எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

அடுத்த வருஷம் சீட்டு எடுத்து ஒரு பழைய ரேஸ் சைக்கிள் வாங்கினேன். கண்டியில் ஓட்டத்தை விட்டுவிட்ட ஒருவரிடம் அதே மாதிரிப் பெடலும் சப்பாத்தும் இருப்பதாகத் தம்பிதான் விசாரித்துச் சொன்னான். பெரிய கால்காரர் அவர். போட்டுப் பார்த்தேன், விரல்கள் தாராளமாக நீண்டு கிடந்தன. கிளீட்டை எந்த இடத்தில் வைத்து முடுக்குவது என்று தம்பி குந்தியிருந்து காட்டினான். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் முழங்கால் வலிக்கும் என்றான். நகரசபை மைதானத்துப் புல்லில் என் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி, "குதிகால வெளிய, வெளிய, பின்னால இழுக்காதண்ணே!" என்று கத்தினான்.

இரண்டு மாதம் பழகினேன். விழுவது நின்றது. மேட்டில் இழுக்கவும் வந்தது. ஒரு ஞாயிறு, "ரிவர்ஸ்டன் மலை வரைக்கும் போவமா?" என்று நானே கேட்டேன். அவன் சந்தோஷமாகத் தலையை ஆட்டினான்.

இருவரும் ஒன்றாகப் பூட்டினோம். ரத்தோட்டை வரை பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டே போனோம். அதற்கு மேல் ஏற்றம் தொடங்கியது. அவனுக்கு இருப்பதெல்லாம் இப்போது எனக்கும் இருக்கிறது என்ற நினைப்பில் நான் முதலில் வேகமெடுத்தேன். அவன் என் பக்கத்திலேயே வந்தான், மூச்சு வாங்காமல். முதல் தேயிலைத் தோட்டம் தாண்டியதும் அரைச் சக்கரம் முன்னால் போனான். வேண்டுமென்று போகவில்லை, அவன் போகிற வேகம் அதுதான். ஒரு வளைவில் அவன் முதுகு தெரிந்தது. அடுத்த வளைவில் அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு வீதியில் நான் மட்டும். மிதித்தேன், இழுத்தேன், எல்லாம் சரியாகச் செய்தேன். பெடலில் குறை இல்லை, சப்பாத்தில் குறை இல்லை, சைக்கிளில் குறை இல்லை. நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது. ஓரிடத்தில் இறங்கி மைல்கல்லில் உட்கார்ந்தேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி மேலிருந்து, "முன்னால போனவரு எப்பவோ போயிட்டாருங்க!" என்று சத்தம் போட்டாள்.

உச்சியில் அன்று மூடுபனி இல்லை. நல்ல வெயிலும் காற்றும். அங்குள்ள ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் போகும் பாதை முனையில், சைக்கிளைச் சாய்த்துவிட்டு, புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து வந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

"ரொம்ப நேரமாக் காத்திருக்கியா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே, இப்பத்தான் வந்தேன். ஒனக்குச் சரியா முன்னாலதான்."

தண்ணீரைக் குடித்துக்கொண்டே அவன் முதுகைப் பார்த்தேன். சட்டை முழுதாகக் காய்ந்து, வேர்வை உப்பு வெள்ளைக் கோடாகப் பூத்திருந்தது.